முதல் மழையும் முன்கண்ணாடித் துடைப்பானும்



கச்சான் காற்றின் வெம்மை தணிந்து, வாடையின் முதற் குளிர் கோணேசர் மலையைத் தொடுகின்ற ஐப்பசி மாதத்தில், திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலருக்கு ஒரு சோதனை வந்து வாய்க்கிறது. வானம் இருண்டு முதற் பெருமழை கொட்டுகிறது. சாரதி சுவிச்சை இழுக்கிறார். முன்கண்ணாடியைத் துடைக்க வேண்டிய கைகள் இரண்டும் அசைவதில்லை. சென்ற தை மாதத்தில் ஒழுங்காக வேலை செய்த கருவி, இடையில் எவரும் தொடாதிருந்தும், இன்று உயிரற்றுக் கிடக்கிறது.

பட்டினத்துக்குள்ளே என்றால் வண்டியை ஓரங்கட்டி மழை விடும்வரை காத்திருக்கலாம். கந்தளாயைக் கடந்து ஹபரணை நோக்கிச் செல்லும் காட்டு வீதியிலே, யானை குறுக்கே நிற்கக்கூடிய இரவு வேளையிலே இது நேர்ந்தால் நிலைமை வேறு. புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்துவிட்டு மெல்ல ஊர்ந்து போவது பழைய சாரதிகளின் கை வைத்தியம். புகையிலைச் சாறு நீரைத் துளித் துளியாகத் திரளவிடாமல் மெல்லிய படலமாகப் பரவச் செய்வது உண்மையே. ஆயினும் அது கராஜ் வரை போய்ச் சேர்வதற்கான வழியே அன்றி, நெடும் பயணத்துக்கு உதவுவதன்று.

வண்டி கராஜுக்கு வருகிறது. "மோட்டார் எரிந்துவிட்டது; புதிது போடவேண்டும்" என்பதே பெரும்பாலும் முதலிற் கேட்கும் தீர்ப்பு. அறுபது ஆண்டு வயதுடைய ஒரு வண்டிக்குப் புது மோட்டார் என்றால், அது கடல் கடந்து வரவேண்டும். அல்லது இறந்துபோன வேறொரு வண்டியிலிருந்து கழற்றப்படவேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும்; காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். புது மோட்டார் பூட்டிய பின்னரும் கைகள் அசையாமல் நின்ற வண்டிகள் உண்டு. உப்புக் காற்று வீசும் ஒரு துறைமுகத்தில், துடைப்பான் நின்றதற்கு மோட்டார் காரணமாயிருப்பது அரிது. மோட்டாருக்குப் போகும் வழியும், மோட்டாரிலிருந்து திரும்பும் வழியுமே பெரும்பாலான குற்றவாளிகள். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு முழம் கம்பியும், ஒரு வோல்ட் மானியும், சிறிது பொறுமையும் இருந்தாற் போதும்.

திருகோணமலையில் இவ்வகை வண்டிகள் மிகுந்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1957 ஆம் ஆண்டு வரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. கடற்படைத் தளத்தையும் சீனன்குடாவையும் சுற்றி ஓடிய வண்டிகளுட் பெரும்பாலானவை பிரித்தானிய வண்டிகளே: மொரிஸ், ஒஸ்ரின், ஹில்மன், போர்ட். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர இலங்கையருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆதலால், பிற நாடுகளில் இரும்புக் குவியலுக்குப் போன வண்டிகள் இங்கே தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் கைமாறின. மொரிஸ் மைனரின் உடற்பாகங்கள் பிற்காலத்தில் இலங்கையிலேயே செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது இந்தக் கதையின் வேடிக்கையான ஒரு பகுதி.

மொரிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இவ்வண்டி 1948 இல் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியாயிற்று. இதன் மின்கருவிகள் பர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனத்தின் ஆக்கங்கள். ஆங்கில மோட்டார் அன்பர்கள் அந்நிறுவனத்தை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வதுண்டு. விளக்கு அணைந்தாலும், ஹோர்ன் ஊமையானாலும், துடைப்பான் நின்றாலும் பழி லூக்காஸ் தலையில் விழும். அப்பழி முழுவதும் நியாயமானதன்று. அறுபது ஆண்டுகள் உப்புக் காற்றைக் குடித்த ஒரு திருகாணியின் துருவுக்கு அதனைச் செய்தவன் எவ்வாறு பொறுப்பாவான்?

முன்கண்ணாடித் துடைப்பானின் வரலாறு இவ்வண்டிகளினும் பழையது. மேரி அண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1903 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளேயிருந்து ஒரு பிடியைக் கையால் இழுக்க, வெளியே ஒரு கை கண்ணாடியைத் துடைத்தது. பின்னர் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் துடைப்பான்கள் வந்தன. போர்ட் பிரிஃபெக்ட் வண்டியை ஓட்டியவர்களுக்கு அது நினைவிருக்கும்: மேட்டில் ஏறுவதற்கு அக்சிலேற்றரை மிதித்தால் துடைப்பான் சோர்ந்துபோகும், இறக்கத்தில் காலை எடுத்தால் பேய் பிடித்ததுபோல் ஆடும். மின்மோட்டார் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. தீர்த்ததோடு, புதிய தொல்லைகள் சிலவற்றையும் கொண்டுவந்தது.

இனி, மின்சாரம் செல்லும் பாதையைப் பார்க்கவேண்டும். பாதை தெரியாதவன் பழுதைத் தேடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் மாடு தேடுவதற்கு ஒப்பாகும்.

மைனர் வண்டியில் பற்றரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம், சாவியைத் திருப்பியதும், பொனற்றுக்குள்ளே உள்ள பியூஸ் பெட்டியை அடைகிறது. அங்கே இரண்டு கண்ணாடிப் பியூஸ்கள் உண்டு. அவற்றுள் ஏ 3, ஏ 4 என்ற முனைகளுக்கு இடையிலுள்ள பியூஸே துடைப்பானுக்கு உரியது. அது துடைப்பானுக்கு மட்டும் உரியதன்று. பிரேக் விளக்கு, சைகை விளக்கு, பெற்றோல் மானி ஆகியவையும் அதே பியூஸின் குடும்பம். பியூஸிலிருந்து பச்சைக் கம்பி ஒன்று மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரிலிருந்து கறுப்பிற் பச்சைக் கோடிட்ட கம்பி ஒன்று டாஷ்போர்டிலுள்ள சுவிச்சுக்கு வருகிறது. சுவிச்சிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி வண்டியின் இரும்பு உடலில் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறது. கராஜ்காரர் 'ஏர்த்து' என்பதும், பாடநூலார் 'புவித்தொடுப்பு' என்பதும் இதனையே. வண்டியின் உடல் வழியாக மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பிவிடுகிறது.

இதில் ஒரு விசேடம் உண்டு. வீட்டு விளக்கிலே சுவிச்சைப் போட்டால்தான் விளக்கை மின்சாரம் எட்டும். இவ்வண்டியின் துடைப்பானிலோ, சாவியைத் திருப்பியவுடனேயே மோட்டார்வரை மின்சாரம் வந்து காத்திருக்கும். சுவிச்சு செய்வதெல்லாம் திரும்பிச் செல்லும் கதவைத் திறந்துவிடுவதே. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பழுதுகளின் பாதி தாமாகவே தம்மை வெளிப்படுத்திவிடும். பச்சைக் கம்பியின் உறை தேய்ந்து இரும்பில் முட்டினால் பியூஸ் உடனே எரியும். அதனோடு பிரேக் விளக்கும் பெற்றோல் மானியும் செத்துவிடும். கறுப்பிற் பச்சைக் கோடிட்ட கம்பி அவ்வாறு முட்டினால் பியூஸ் எரியாது. மாறாக, சாவியைத் திருப்பிய கணத்திலிருந்து துடைப்பான் ஆடத் தொடங்கும்; சுவிச்சை அணைத்தாலும் நிற்காது. வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டதாக எண்ணிச் சுவிச்சை மாற்றுவோர் உண்டு. சுவிச்சில் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு முன்னாலேயே கதவு உடைந்து திறந்து கிடக்கிறது.

துடைப்பான் அசையாத வண்டியில் எந்தத் திருகாணியையும் தொடுமுன் செய்யவேண்டியது ஒன்று. சாவியைத் திருப்பிவிட்டுப் பெற்றோல் மானியைப் பார்க்கவேண்டும். ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக்கை மிதித்து, விளக்கு எரிகிறதா என்று கேட்கவேண்டும். மானியின் முள்ளும் எழவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் பழுது துடைப்பானுடையதன்று; அக்குடும்பத்துக்குப் பொதுவான பியூஸிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மற்றவை உயிரோடிருந்து துடைப்பான் மட்டும் செத்திருந்தால், தேட வேண்டிய இடம் பச்சைக் கம்பியிலிருந்து கறுப்புக் கம்பி வரையுள்ள சிறு வட்டமே.

பியூஸைப் பார்த்தால் உள்ளே இழை அறாமல் இருக்கிறது. ஆயினும் மின்சாரம் போகவில்லை. இது திருகோணமலையில் அடிக்கடி காணக்கூடிய புதிர். உட்துறைமுகம் ஒரு புறம், டச்சு விரிகுடாவும் பின்விரிகுடாவும் மறுபுறம் என, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பட்டினம் இது. கிண்ணியாவுக்கு 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை, அந்தப் பக்கம் போன வண்டிகள் பாதையில் ஏறி உப்பு நீரைத் தாண்டின. பியூஸைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்விகளில் இத்தனை ஆண்டுகளின் உப்புக் காற்று பச்சைக் களிம்பாகப் படிந்திருக்கும். பியூஸை விரலாற் சற்றே உருட்டினால் துடைப்பான் திடீரென்று ஆடத் தொடங்கும். பலர் அத்தோடு திருப்தியடைந்து பொனற்றை மூடிவிடுகின்றனர். அடுத்த மழைக்கு அது மறுபடி நிற்கும். உருட்டியதும் உயிர் வந்ததென்றால், பியூஸைக் கழற்றி, கவ்விகளை நுண்ணிய அரத்தாளால் பளபளக்கத் தேய்த்து, சற்று நெருக்கி வளைத்து, மெல்லிய வசலின் பூச்சிட்டு மீண்டும் பொருத்தவேண்டும்.

பியூஸ் உண்மையிலேயே எரிந்திருந்தால், அது ஏன் எரிந்தது என்று கேளாமல் வேறொன்றைப் பொருத்துவது தவறு. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் பொருத்துவதோ பெருந்தவறு. ஈயத்தாள் எரியாது, அதற்குப் பதிலாக டாஷ்போர்டின் பின்னாலுள்ள பழைய கம்பிக்கட்டு எரியும். துணியும் இறப்பரும் சுற்றிய பழங் கம்பிகள் தீப்பற்றினால், சாரதி இறங்கி ஓடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. இன்னொரு நுட்பமும் இங்கே கவனிக்கத்தக்கது. பழைய பிரித்தானியப் பியூஸில் அச்சிட்ட 35 அம்பியர் என்பது, அந்த அளவில் அது எரிந்துபோகும் என்பதைக் குறிக்கிறது. அது தொடர்ந்து தாங்கக்கூடியது அதன் பாதியான ஏறத்தாழ 17 அம்பியரே. தொடர்ந்து தாங்கும் அளவையே அச்சிடும் வேறு பியூஸ்களில் 35 என்று பார்த்து வாங்கிப் பொருத்தினால், காவலாளியின் பலம் இருமடங்காகிவிடும். அவன் காக்கவேண்டிய கம்பியின் பலமோ அப்படியேதான் இருக்கும்.

பியூஸ் சரி, கவ்வியும் சரி, ஆயினும் துடைப்பான் நிற்கிறது. இப்பொழுது அந்த ஒரு முழம் கம்பிக்கு வேலை வருகிறது.

எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரில் மோட்டார் இருக்கிறது. கறுப்பிற் பச்சைக் கோடிட்ட கம்பி பூட்டிய அதன் முனையை முதலில் நிச்சயமாக அடையாளம் காணவேண்டும். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, கம்பியின் ஒரு நுனியை அம்முனையிலும், மறு நுனியை நன்கு சுரண்டிப் பளிச்சிட்ட இரும்பிலும் தொடவேண்டும். சுவிச்சு செய்யும் வேலையையே அக்கம்பி செய்கிறது; ஆகவே இதனால் தீங்கில்லை. முனை மாறிப் பச்சைக் கம்பியின் முனையைத் தொட்டுவிட்டால் பியூஸ் எரியும். தொட்டதும் கைகள் ஆடினால் நல்ல செய்தி: மோட்டார் உயிரோடிருக்கிறது. குற்றம் சுவிச்சிலோ, சுவிச்சின் புவித்தொடுப்பிலோ, இடைக் கம்பியிலோ உண்டு. கடல் கடந்து வரவேண்டிய ஒரு மோட்டாரின் விலையை அந்த ஒரு முழம் கம்பி மிச்சப்படுத்திவிட்டது.

அடுத்து, அதே கம்பியால் சுவிச்சின் புவித்தொடுப்பு முனையையும் சுத்தமான இரும்பையும் இணைத்துவிட்டுச் சுவிச்சை இழுத்துப் பார்க்கவேண்டும். இப்பொழுது ஆடினால் சுவிச்சும் நிரபராதி. டாஷ்போர்டின் பின்னே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையிலுள்ள திருகாணியின் கீழ், துருவும் பெயின்றும் கலந்த ஒரு படலம் மின்சாரத்தின் வீடு திரும்பும் வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. வண்டிக்குப் புதுப் பெயின்று அடித்த பிறகு மின்கருவிகள் ஒவ்வொன்றாகச் சோர்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பெயின்றடிப்பவர் அழகை நோக்கித் திருகாணித் துளைகளையும் சேர்த்துப் பூசிவிடுகிறார். பெயின்றோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள்.

துடைப்பான் முற்றாக நிற்காமல் நொண்டி நொண்டி நகருமானால் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். இங்கேதான் வோல்ட் மானி தேவை. அதைவிட, அதனை எப்பொழுது வைக்கவேண்டும் என்ற அறிவு தேவை. சுவிச்சு அணைந்திருக்கும்பொழுது பச்சைக் கம்பியில் மானியை வைத்தால் முழுதாக 12 வோல்ட் காட்டும். "மின்சாரம் சரியாக வருகிறது, மோட்டார்தான் பழுது" என்று உடனே தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பு பொய். மானி இழுக்கும் ஓட்டம் மிக மிகச் சிறியது. களிம்பு பிடித்த மூட்டு வழியாகவும் அது எளிதாகக் கசிந்து வந்துவிடும். குழாயில் அடைப்பிருந்தாலும் வாயைப் பொத்தியிருக்கும்வரை அழுத்தம் முழுதாகத் தெரிவதுபோல இது. திறந்துவிட்டால் அல்லவோ அடைப்புத் தெரியும்? ஆகவே துடைப்பானை ஓடவிட்டே அளக்கவேண்டும்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். நல்ல நிலையிலுள்ள இம்மோட்டார் ஓடும்பொழுது ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கிறது. ஒரு மூட்டில் படிந்த களிம்பின் தடை 1 ஓம் என்று கொண்டால், 3 வோல்ட் அங்கேயே விழுங்கப்படுகிறது. 12 இல் மோட்டாருக்குக் கிடைப்பது 9. நின்ற நிலையிலிருந்து புறப்படும்பொழுதோ மோட்டார் அதனினும் பன்மடங்கு ஓட்டத்தைக் கேட்கும். அப்பொழுது அந்த 1 ஓம் பெரும் பகுதியைப் பிடுங்கிக்கொள்ளும். கையால் ஒரு தட்டுத் தட்டினால் புறப்படுவதும், தானாகப் புறப்பட மாட்டாமல் நிற்பதும் இதனால் நேரலாம். 1960களின் நடுப்பகுதிவரை 6 வோல்ட் பற்றரியோடு வந்த வொக்ஸ்வாகன் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அதே ஆற்றலுக்கு இருமடங்கு ஓட்டம் தேவைப்படுவதால், அதே களிம்பு அங்கே நான்கு மடங்கு பங்கை விழுங்கிவிடும்.

அளக்கும் முறை எளிது. துடைப்பான் ஓடிக்கொண்டிருக்க, மானியின் ஒரு நுனியைச் சுவிச்சுக்குப் போகும் மோட்டார் முனையிலும், மறு நுனியைப் பற்றரியின் புவித்தொடுப்புத் தூணிலும் வைக்கவேண்டும். அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் திரும்பும் வழி நல்லது. இரண்டு, மூன்று என்று காட்டினால், நுனியை ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டே போகலாம். எந்த மூட்டைத் தாண்டியதும் முள் விழுகிறதோ அந்த மூட்டே கள்வன். இவ்வாறே பற்றரியின் மறு தூணிலிருந்து பச்சைக் கம்பியின் முனைவரை வரும் வழியையும் சோதிக்கலாம். பிரித்தானிய வண்டிகளில் கம்பிகள் சந்திக்குமிடத்தில் குண்டுபோன்ற முனைகளை இறப்பர் உறைக்குள் செருகியிருப்பார்கள். அவ்வுறைகள் மழைநீரைத் தடுக்க வைத்தவை. வயதான பின்னர் நீரைத் தேக்கி வைக்கும் சிமிழ்களாகிவிடுகின்றன. பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. மானியின் சிவப்பு நுனி அங்கே உடலுக்குரியது.

இரவில், நின்று நின்று போகும் வீதியில் மட்டும் துடைப்பான் சோர்ந்து, வேகமெடுத்தால் தெளிகிறதா? அப்படியானால் துடைப்பானை விட்டுவிட்டுப் பற்றரியையும் டைனமோவையும் பார்க்கவேண்டும். பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்பொழுது ஒன்றும் தருவதில்லை. முன்விளக்கு, பின்விளக்கு, துடைப்பான் எல்லாவற்றையும் பற்றரி ஒன்றே அப்பொழுது சுமக்கிறது.

மின்பழுதுபோல் வேடமிட்டு வரும் ஒரு பழுதும் உண்டு. மோட்டாரிலிருந்து கைகளுக்கு அசைவைக் கொண்டுபோவது, குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும் பற்களுள்ள ஒரு கம்பிவடம். அதிலே தொழிற்சாலையில் இட்ட கிறீஸ், பல ஆண்டுக் கச்சான் வெயிலில் மெழுகாக இறுகியிருக்கும். மோட்டார் பாவம், தன் முழுப் பலத்தையும் அந்த மெழுகோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவழிக்கும். துடைப்புக் கைகளைக் கழற்றிவிட்டு, வடத்தை மோட்டாரிலிருந்து பிரித்து, மீன் விற்பவர் பயன்படுத்தும் கொளுக்கி விற்றராசு ஒன்றை அதில் மாட்டி இழுத்துப் பார்க்கவேண்டும். 6 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2.7 கிலோகிராம் விசைக்குள் வடம் வழுக்கி வரவேண்டும். வரவில்லையென்றால் வடத்தை உருவி, மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, புதுக் கிறீஸ் பூசவேண்டும். மின்சாரத்தை எத்தனை நாள் தேடினாலும் இப்பழுது அகப்படாது.

வடமோ கையோ எங்கேனும் சிக்கித் துடைப்பான் பாதி வழியில் நின்றுவிட்டால் நேரும் ஆபத்தைப் பலர் அறியார். சிக்கி நிற்கும் மோட்டார் 13 முதல் 15 அம்பியர் வரை இழுக்கும். மேலே சொன்ன பியூஸ் 17 அம்பியரைத் தொடர்ந்து தாங்கக்கூடியது. ஆகவே அது எரியாது. எரிவது மோட்டாரே. "சுவிச்சை அணைத்துவிட்டேன்" என்று சாரதி நிம்மதியாக இருப்பார். அதிலும் பயனில்லை. கைகள் கண்ணாடியின் அடியில் ஒழுங்காகப் போய்ப் படுக்கவேண்டும் என்பதற்காக, மோட்டாரின் பற்சக்கரப் பெட்டிக்குள் தரிப்புச் சுவிச்சு ஒன்று உண்டு. கைகள் தரிக்கும் இடத்தை அடையும்வரை அது மோட்டாருக்கு வேறொரு வழியால் புவித்தொடுப்பைத் தந்துகொண்டேயிருக்கும். பாதி வழியிற் சிக்கிய மோட்டாருக்கு, சுவிச்சை அணைத்த பின்னரும் ஓட்டம் நிற்பதில்லை. ஆதலால் துடைப்பான் சிக்கியதும் வண்டியை ஓரத்தில் நிறுத்திச் சாவியையே திருப்பி அணைக்கவேண்டும். சிக்கலை நீக்கிய பின்னரே மீண்டும் திருப்பவேண்டும். பியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டலாமே என்றால், அதனோடு பிரேக் விளக்கும் போய்விடும்; மழை இரவில் பின்னால் வரும் லொறிக்கு அது நல்லதன்று.

அத் தரிப்புச் சுவிச்சினாலே வரும் சில்லறைத் தொல்லைகள் இரண்டு. அணைத்த இடத்திலேயே, கண்ணாடியின் நடுவில், கைகள் நின்றுவிட்டால், தரிப்புச் சுவிச்சின் தொடுகை அழுக்கேறியிருக்கிறது அல்லது அதன் புவித்தொடுப்புக் கெட்டிருக்கிறது. அணைத்த பின்னரும் நிற்காமல் ஆடிக்கொண்டேயிருந்தால், கறுப்பிற் பச்சைக் கம்பி எங்கும் முட்டவில்லை என்று கண்டபின், பெட்டியின் மேலுள்ள வட்ட மூடியைப் பார்க்கவேண்டும். அம்மூடியைத் தளர்த்திச் சிறிது சிறிதாகத் திருப்பினால் கைகள் நிற்கும் இடம் மாறும். உரிய இடம் வந்ததும் இறுக்கிவிடலாம்.

இத்தனையும் பார்த்து, முழு மின்னழுத்தமும் ஓடும்பொழுதே மோட்டாரை எட்டுகிறது என்றும், வடம் இலகுவாக வழுக்குகிறது என்றும் நிச்சயித்த பின்னரும் மோட்டார் சோம்பினால், அப்பொழுதுதான் அதனைத் திறக்கும் உரிமை திருத்துபவருக்கு உண்டு. திறந்தாலும் பெரும்பாலும் கிடைப்பது கறுப்புத் தூளே. காபன் பிரஷ்கள் தேய்ந்த தூள், செம்புத் துண்டுகளின் இடுக்குகளில் அடைந்திருக்கும். பெற்றோல் தோய்த்த துணியால், அருகில் நெருப்பில்லாத இடத்தில், அதனைத் துடைக்கவேண்டும். பிரஷ்கள் வழுக்கியாடுகின்றனவா, அவற்றை அழுத்தும் வில் பலமாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். சுருள் கருகிய நாற்றம் வீசினால் மட்டுமே, கம்பி சுற்றுபவரைத் தேடிப் போகவேண்டிய நிலை.

புது றேடியோ பூட்டுவதற்காகவோ வேறு காரணத்துக்காகவோ, நேர்முனைப் புவித்தொடுப்பை எதிர்முனைக்கு மாற்றிக்கொள்வோர் உண்டு. டி.ஆர். வகையைச் சேர்ந்த பழைய லூக்காஸ் மோட்டார்களில் காந்தப்புலத்தையும் சுருளே உண்டாக்குவதால், முனை மாறினாலும் சுழற்சித் திசை மாறாது. ஆகவே துடைப்பானைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. நிலைக்காந்தம் வைத்த பிற்கால மோட்டார்களில் சுழற்சி எதிர்த்திசைக்கு மாறிவிடும். பிற்கால மோட்டாரைப் பழைய வண்டியில் பொருத்துபவர் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

திருகோணமலையின் மழை பெரும்பாலும் ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்குள் அடங்கிவிடுவது. எஞ்சிய எட்டு மாதமும் துடைப்பான் தூங்குகிறது. ஓடுகின்ற தொடுகைகள் தம்மைத் தாமே தேய்த்துத் துலக்கிக்கொள்ளும். தூங்குகின்ற தொடுகைகளிலேயே களிம்பு குடியேறும். ஆகவே மாசி முதல் புரட்டாதி வரை, வாரத்துக்கு ஒரு முறையேனும், கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் துடைப்பானை ஓடவிட்டு, அது தன் இடத்திற் போய்ப் படுக்கிறதா என்று பார்க்கவேண்டும். தண்ணீர் ஊற்றாமல் ஓட்டலாகாது. உப்பும் புழுதியும் படிந்த காய்ந்த கண்ணாடி இறப்பரைப் பிடித்திழுக்கும். மோட்டார் கூடுதலாக ஓட்டம் இழுக்கும். கண்ணாடியிலும் பிறைபோன்ற கீறல் விழும். அக்கீறல், எதிர்வண்டியின் வெளிச்சம் படும் இரவு மழையிலேதான் தன்னைக் காட்டும்.

மழைக்கு முந்திய புரட்டாதியிலே பியூஸ் கவ்விகளையும், சுவிச்சின் புவித்தொடுப்புத் திருகாணியையும், மோட்டாரின் முனைகளையும் ஒரு தடவை கழற்றித் துலக்கிப் பூட்டிவிட்டால் போதும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேண்டும். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு துண்டு அரத்தாள், சிறிது வசலின், ஒரு திருப்புளி வேண்டும்.